பிடிக்கலையா, விடலையா?

போர்ட் பிளேரில் சாத்தம் பக்கம் வேலையை முடித்துவிட்டு ஹேடோவுக்குத் திரும்புகிறீர்கள். பின்னால் ஓர் ஆள், டேங்க்கின் மேல் ஒரு காய்கறிப் பை. மேடு தொடங்குகிறது. ஆக்சிலேட்டரைத் திருகுகிறீர்கள். என்ஜின் கத்துகிறது, வண்டி மட்டும் நடந்து போகிறவர் வேகத்தில் ஏறுகிறது. உச்சிக்கு வந்து சேரும்போது காலுக்கு அருகிலிருந்து ஒரு கருகல் வாடை.

மறுநாள் வொர்க்‌ஷாப்பில் பாதி இந்தியில் பதில் கிடைக்கும்: "கிளட்ச் பிளேட் கயா." பிளேட் போய்விட்டது. உண்மையாகவே போயிருக்கலாம். ஆனால் பிளேட்டுக்கு ஒன்றும் ஆகாமல், ஒயர் மட்டும் டைட்டாக இருந்தாலும் இதே கத்தல், இதே வாடை வரும். முதலாவதற்கு என்ஜினைத் திறக்க வேண்டும். இரண்டாவதற்கு ஒரு ஸ்பேனரும் ஐந்து நிமிடமும் போதும்.

சென்னையில் இருப்பவருக்கு இந்த வித்தியாசம் ஒரு நாள் கூலிதான். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கு ஒரு நடை போனால் எந்த வண்டிக்கும் பிளேட் வாங்கிவிடலாம். அந்தமான் தீவில் அப்படியில்லை. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேருக்கு, மெயின்லேண்டிலிருந்து ஏறக்குறைய 1,200 கி.மீ. கடல் தாண்டித்தான் பெரும்பாலான உதிரி பாகங்கள் வருகின்றன. அதிகம் ஓடுகிற வண்டிகளுக்குக் கடையில் சரக்கு இருக்கும். கொஞ்சம் அபூர்வமான வண்டியாக இருந்தால், ஹேடோ துறையில் அடுத்த கப்பல் வந்து நிற்கும்வரை உங்கள் வண்டி திறந்த வயிறோடு கடையில் காத்துக்கிடக்கும். அதனால் திறப்பதற்கு முன் யோசிப்பது இங்கே சாமர்த்தியம் அல்ல, அவசியம்.

யோசிக்க ஒரே ஒரு கேள்வி போதும். கிளட்ச் பிடிக்கவில்லையா, விடவில்லையா?

இட்லித் தட்டு அடுக்கு

கிளட்ச் செய்யும் வேலைகள் இரண்டே. என்ஜின் சுற்றுவதைப் பிடித்து கியர் பாக்ஸுக்குக் கொடுப்பது ஒன்று. நாம் லீவரை அழுத்தும்போது அந்தப் பிடியை விடுவது இன்னொன்று.

இட்லிப் பானைக்குள் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். கிளட்ச் உள்ளேயும் அப்படி ஓர் அடுக்குதான். இரண்டு விதத் தட்டுகள் மாறி மாறி வரும். ஒன்று, மேலே கார்க் போலவோ அழுத்திய காகிதம் போலவோ பூச்சு ஒட்டிய பிளேட். இதைத்தான் கடையில் 'கிளட்ச் பிளேட்' என்கிறார்கள். இன்னொன்று, பூச்சில்லாத வெறும் இரும்புத் தகடு. இதற்கு 'பிரஷர் தகடு' என்றும் 'ஸ்டீல் பிளேட்' என்றும் கடைக்கொரு பெயர். பூச்சுள்ள பிளேட்டின் வெளிவிளிம்பில் இருக்கும் பற்கள், என்ஜினோடு சுற்றும் வெளிக்கூட்டில் மாட்டியிருக்கும். இரும்புத் தகட்டின் உள்விளிம்புப் பற்கள், கியர் பாக்ஸோடு சுற்றும் நடு ஹப்பில் மாட்டியிருக்கும். நான்கைந்து ஸ்பிரிங்குகள் இந்த அடுக்கு முழுவதையும் இறுக்கி அழுத்துகின்றன. அந்த அழுத்தத்தில் இரண்டு வகையும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகச் சுற்றுகின்றன. வண்டி ஓடுகிறது.

லீவரை அழுத்தினால் ஒயர் இழுக்கப்படும். ஒயர் இழுத்தால் என்ஜின் பக்கத்தில் உள்ள சிறு கை திரும்பும். அந்தக் கை, ஸ்பிரிங்கின் அழுத்தத்தைத் தூக்கிவிடும். அடுக்கு ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குத் தளரும். அவ்வளவுதான். கியர் மாற்றுவதற்குக் கிடைக்கிற இடைவெளி அதுதான்.

இந்த அடுக்கு முழுவதும் என்ஜின் ஆயிலில் குளித்தபடியே சுற்றுகிறது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் ஓட்டும் பெரும்பாலான கியர் வண்டிகளில் என்ஜினுக்கும் கிளட்சுக்கும் கியர் பாக்ஸுக்கும் ஒரே ஆயில். கிளட்ச் கோளாறில் பாதிக்கு ஒயர் காரணம் என்றால், மீதியில் பெரும் பங்கு இந்த ஆயிலுக்கு.

எது என்று கண்டுபிடிக்க

பிடிக்காத கிளட்சை ஓட்டும்போது கண்டுபிடிக்கலாம். சமமான, கூட்டமில்லாத சாலையில் நாலாம் கியரில் 40 கி.மீ. வேகத்தில் போய், ஆக்சிலேட்டரைச் சட்டென்று முழுதாகத் திருகுங்கள். நல்ல கிளட்சில் என்ஜின் சத்தமும் வேகமும் சேர்ந்தே ஏறும். பிடிக்காத கிளட்சில் சத்தம் முதலில் ஏறிவிடும்; வேகம் பின்னால் தயங்கித் தயங்கி வரும், அல்லது வராது. மெக்கானிக் பாஷையில் 'ஸ்லிப் ஆகுது.' மைலேஜ் குறைவதும், மேட்டில் இழுவை இல்லாததும், கருகல் வாடையும் இதன் துணை அடையாளங்கள். பழைய புல்லட் வைத்திருப்பவருக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. அதில் கிக்கரின் உதை கிளட்ச் வழியாகத்தான் என்ஜினுக்குப் போகிறது. உதைக்கும்போது என்ஜின் சுற்றாமல் கால் வழுக்கிக்கொண்டு கீழே போனால், பிடி தளர்ந்திருக்கிறது.

விடாத கிளட்சை நின்ற இடத்திலேயே கண்டுபிடிக்கலாம். என்ஜின் சூடான பிறகு வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். லீவரை முழுதாக அழுத்திக்கொண்டு முதல் கியர் போடுங்கள். பின்சக்கரம் மெல்லச் சுற்றும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிளேட்டுகளுக்கு நடுவே இருக்கும் ஆயிலின் பிசுபிசுப்பு அந்த அளவுக்கு இழுக்கும். லீவரை விடாமல் பின் பிரேக்கை மெதுவாக மிதியுங்கள். சக்கரம் நின்று என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் விடுகிறது. சக்கரத்தோடு சேர்ந்து என்ஜினும் திணறினால் விடவில்லை. சிக்னலில் நிற்கும்போது நியூட்ரல் விழாமல் போராடுவது, முதல் கியர் போடும்போது 'டக்'கென்று வண்டி முன்னால் குதிப்பது, லீவரை அழுத்தியிருந்தும் வண்டி ஊர்வது எல்லாம் இந்த வகை.

இந்த இரண்டில் எது என்று தெரிந்துவிட்டால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். தேடும் வரிசை எப்போதும் வெளியிலிருந்து உள்ளே: லீவர், ஒயர், அட்ஜஸ்ட்மென்ட், ஆயில். இவை நான்கும் சரியாக இருந்தால் மட்டும் பிளேட்.

லீவரின் தளர்ச்சி

என்ஜினை நிறுத்திவிட்டு கிளட்ச் லீவரை ஒரு விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். முதலில் கொஞ்ச தூரம் லேசாக வரும். பிறகு கனம் தெரியும். அந்த லேசான தூரத்துக்குத்தான் ஃப்ரீ ப்ளே என்று பெயர். கடையில் வெறும் 'ப்ளே.' ஹீரோ, ஹோண்டா போன்ற பல சிறு வண்டிகளில் லீவரின் நுனியில் அளந்தால் இது 10 முதல் 20 மி.மீ. வரை இருக்கலாம். சில நிறுவனங்கள் நுனியில் அளக்காமல், லீவர் அதன் பிடிப்பைத் தொடும் இடத்தில் 2, 3 மி.மீ. சந்து இருக்க வேண்டும் என்று சொல்லும். உங்கள் வண்டிக்கு எது என்பதைக் கையேட்டில் பாருங்கள். ஒரு பள்ளிக்கூட ஸ்கேல் இருந்தால் அளந்துவிடலாம்.

ப்ளே சுத்தமாக இல்லையென்றால், நீங்கள் தொடாமலே லீவரைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்திருப்பதாக அர்த்தம். ஸ்பிரிங் முழு பலத்தோடு அழுத்த முடியாது. கிளட்ச் பிடிக்காது. ப்ளே அளவுக்கு மேல் இருந்தால், லீவரை முழுதாக அழுத்தியும் அடுக்குக்குத் தேவையான ஒன்றரை மில்லிமீட்டர் கிடைக்காது. கிளட்ச் விடாது. ஒரே திருகாணி, இரண்டு எதிரெதிரான நோய்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பிளேட் தேயத் தேய அடுக்கு மெலியும். அதனால் ப்ளே குறையும். ஒயர் பழசாக ஆக நீளும். அதனால் ப்ளே கூடும். அட்ஜஸ்ட் செய்த சில நாளிலேயே ப்ளே தானாகக் குறைந்துகொண்டே போனால் பிளேட் மேல் சந்தேகப்படலாம். கூடிக்கொண்டே போனால் ஒயரின் இழைகள் அறுந்துகொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

அட்ஜஸ்ட் செய்ய இரண்டு இடங்கள் உண்டு. லீவர் அருகே கையால் திருகும் சிறு திருகாணி, என்ஜின் அருகே இரண்டு நட்டு. மேலே இருப்பது சில்லறைத் திருத்தத்துக்கு, கீழே இருப்பது பெரிய திருத்தத்துக்கு. பலர் மேலே உள்ளதையே திருகிக்கொண்டே போய், கடைசி மரைவரை வெளியே இழுத்து வைத்திருப்பார்கள். அது ஆடும், வளையும், ஒரு நாள் உடையும். முறையாகச் செய்வதென்றால் மேலே உள்ளதை முழுதாக உள்ளே திருகி, ஒரு சுற்று வெளியே எடுத்து வையுங்கள். கீழே லாக் நட்டைத் தளர்த்தி, ப்ளே ஏறக்குறையச் சரியாக வரும்வரை திருகி, லாக் நட்டை இறுக்குங்கள். மிச்சத்தை மேலே சரிசெய்யுங்கள். கடைசியாக ஹேண்டில் பாரை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். திருப்பும்போது ப்ளே மாறினால் ஒயர் எங்கோ இழுபடுகிறது. அதன் பாதையைச் சரிசெய்ய வேண்டும்.

மழை புகும் பிளவு

மேலே இருக்கும் அந்தத் திருகாணியை உற்றுப் பாருங்கள். ஒயரை உள்ளே நுழைப்பதற்காக அதில் நீளவாக்கில் ஒரு பிளவு வெட்டியிருக்கும். லாக் நட்டிலும் அதே போல ஒரு பிளவு. ஒயரைக் கழற்றும்போது இரண்டு பிளவையும் ஒரே கோட்டில் நிறுத்துவார்கள். மாட்டிய பிறகு அப்படியே வானத்தைப் பார்க்க விட்டுவிட்டால், அது மழைக்குத் திறந்து வைத்த வாசல்.

தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் இது. ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மி.மீ. மழை. சென்னையில் பெய்வதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அதோடு கடல் காற்றின் உப்பு. இரண்டும் சேர்ந்து அந்தப் பிளவு வழியே சொட்டுச் சொட்டாக ஒயரின் உறைக்குள் இறங்கும். உள்ளே துரு பிடிக்கும். துருப்பிடித்த ஒயர் இழுக்கும்போது கனக்கும். விடும்போது முழுதாகத் திரும்பாது. திரும்பாவிட்டால் கிளட்ச் பிடிக்காது. மேட்டில் வண்டி கத்தியது பிளேட்டால் அல்ல, இந்தத் துருவால் என்பது ஒயரை மாற்றிய பிறகுதான் தெரியும். அதனால் பிளவுகளை ஒன்றுக்கொன்று விலக்கி, தரையைப் பார்க்கத் திருப்பி வையுங்கள். மேலே ரப்பர் மூடி இருந்தால் அதை ஏற்றிவிடுங்கள். காசில்லாத வைத்தியம்.

கனம் ஒயரிலா, என்ஜினுக்குள்ளேயா என்று தெரிய வேண்டுமா? என்ஜின் பக்கத்தில் ஒயரைக் கழற்றிவிடுங்கள். இப்போது லீவரை அழுத்தினால் ஒயர் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல ஓட வேண்டும். சிக்கினால் கோளாறு ஒயரில். ஒயர் லேசாக ஓடி, என்ஜின் பக்கத்துக் கை மட்டும் இறுகி நின்றால் கோளாறு உள்ளே.

சிக்குகிற ஒயருக்கு எண்ணெய் விட ஒரு பழைய வழி உண்டு. ஒயரின் மேல் முனையை நிமிர்த்தி, அதைச் சுற்றி ஒரு சின்ன பிளாஸ்டிக் பையின் மூலையைப் புனல்போல வைத்து ரப்பர் பேண்டால் இறுகக் கட்டுங்கள். அதில் இரண்டு ஸ்பூன் என்ஜின் ஆயில் ஊற்றி இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் கீழ்முனையில் சொட்டும். முதலில் பழுப்பாகத் துரு வரும், பிறகு தெளிந்த எண்ணெய் வரும். உள்ளே நைலான் குழாய் வைத்த புதிய வகை ஒயராக இருந்தால் கிரீஸ் அடைக்கக் கூடாது. அது உள்ளே கட்டியாகி இன்னும் இறுக்கிவிடும். உறை வெடித்திருந்தாலோ, இழை ஒன்று அறுந்து விரலில் குத்தினாலோ எண்ணெயெல்லாம் வீண். மாற்றிவிடுங்கள்.

ஒயர் பெரும்பாலும் அறுவது லீவருக்குள் உட்காரும் அந்த உருண்டைத் தலைக்கு அருகில்தான். லீவரை அழுத்தும்போதெல்லாம் அந்தத் தலை தன் குழியில் லேசாகத் திரும்ப வேண்டும். குழி காய்ந்து கிடந்தால் தலை திரும்பாது. அதற்குப் பதிலாக ஒயர் மடங்கும். ஆயிரக்கணக்கான முறை மடங்கினால் இழை இழையாக அறும். அந்தக் குழியில் மாதம் ஒருமுறை பொட்டளவு கிரீஸ் வைத்தால் போதும்.

தீவில் தூரம் போகிறவர்களுக்கு இன்னொரு யோசனை. ஒரு புதிய ஒயரை வாங்கி, இரண்டு முனையையும் பிளாஸ்டிக்கால் மூடிக் கட்டி, பழைய ஒயரின் பக்கத்திலேயே அதே பாதையில் டேப் சுற்றி வைத்துவிடுங்கள். வண்டூர் சாலையிலோ, பம்பூ ஃபிளாட்டுக்கு வண்டியை ஃபெரியில் ஏற்றிப் போய் இறங்கிய பிறகோ ஒயர் அறுந்தால், கழற்றி மாட்டப் பத்து நிமிடம் போதும்.

ஆயில் டப்பாவில் நான்கு எழுத்து

ஒயர் சரி, ப்ளே சரி, இருந்தும் ஸ்லிப் ஆகிறது. அடுத்த கேள்வி: கடைசியாக ஆயில் மாற்றியது எப்போது, எந்த ஆயில்?

கார் என்ஜினில் கிளட்ச் ஆயிலில் நனைவதில்லை. அதனால் பல கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் சரக்குகளைச் சேர்க்கிறார்கள், பெட்ரோல் மிச்சமாகும். நம் கியர் வண்டியின் கிளட்ச் வாழ்வதே உராய்வில். அந்த ஆயிலை இதில் ஊற்றினால் பிளேட்டுகள் ஒன்றையொன்று பிடிக்க முடியாமல் வழுக்கும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் ஜப்பான்காரர்கள் 1998-ல் இருசக்கர வண்டி ஆயிலுக்கென்று 'ஜாசோ' (JASO) என்னும் தர அளவை வகுத்தார்கள். டப்பாவின் பின்புறம் ஒரு சிறு கட்டத்துக்குள் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று அச்சிட்டிருந்தால் அது ஆயிலில் நனையும் கிளட்சுக்கு ஏற்றது. எம்பி என்றிருந்தால் உராய்வு குறைந்தது, பெரும்பாலும் ஸ்கூட்டருக்கு. வீட்டில் ஒரு ஸ்கூட்டரும் ஒரு பைக்கும் இருந்து, மிச்சம் இருந்த ஆயிலை மாற்றி ஊற்றியதால் வந்த ஸ்லிப் நிறைய.

ஆயிலின் கெட்டித்தன்மைக்கும் கையேடு சொல்லும் எண்ணையே பின்பற்றுங்கள். 10டபிள்யூ-30 கேட்கும் வண்டியில், 'கெட்டியா இருந்தா என்ஜினுக்கு நல்லது' என்று அதைவிடக் கெட்டியானதை ஊற்றினால், காலையில் கிளட்ச் விடாமல் இழுக்கும். அளவுக்கு மேல் ஊற்றினாலும் அதே கதை. ஆயில் குறைந்தால் பிளேட் சூடாகிக் கருகும்.

டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்க்கும்போது ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால், உள்ளே ஈரம் சேர்ந்திருக்கிறது. தினமும் ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டி என்ஜினை முழுதாகச் சூடாக்காமல் நிறுத்துகிறவர்களின் வண்டியில், இந்த ஈரக்காற்றில், இது வரும். அந்த ஈரம் இரும்புத் தகடுகளில் துருவாக மாறும். ஆயிலை மாற்றிவிட்டு, வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓட்டுங்கள்.

ஊருக்குப் போய் வந்த பிறகு

தீவுக் குடும்பங்களுக்கு நன்றாகத் தெரிந்த கோளாறு இது. லீவில் மெயின்லேண்டுக்குப் போகிறோம். ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்து வந்து வண்டியை ஸ்டார்ட் செய்கிறோம். கிளட்சை அழுத்தி முதல் கியர் போட்டதும் வண்டி குதித்து அணைந்துவிடுகிறது. மறுபடி, மறுபடி அதேதான்.

பிளேட் கெட்டுவிடவில்லை. ஆயில் வடிந்து, அடுக்கு முழுதும் ஸ்பிரிங்கின் அழுத்தத்திலேயே கிடந்து, தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இட்லித் தட்டில் எண்ணெய் தடவ மறந்த கதைதான். என்ஜினை நிறுத்தி, சமதளத்தில் முதல் கியரில் போட்டு, லீவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளுங்கள். முதலில் நகராது. நாலைந்து ஆட்டலில் 'சட்'டென்று விட்டுக்கொடுக்கும். அதற்கும் மசியவில்லை என்றால், நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து என்ஜினைப் பத்து நிமிடம் சூடாக்கி, நிறுத்தி, மறுபடி ஆட்டிப் பாருங்கள். சூடான ஆயில் இடுக்குகளில் இறங்கும். இதை இறக்கமான தெருவில் செய்ய வேண்டாம். விட்டுக்கொடுக்கும் நொடியில் வண்டி கையை விட்டுப் போய்விடும்.

திறந்தே ஆக வேண்டும் என்றால்

மேலே சொன்ன எல்லாம் பார்த்தாயிற்று. கோளாறு அப்படியே இருக்கிறது. இனி திறக்கலாம். ஆனால் திறக்கும் முன்பே பக்கத்து மூடியின் பேக்கிங்கை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கழற்றும்போது பழைய பேக்கிங் கிழியும். ஒரு காகிதத் துண்டுக்காக வண்டி வாரக்கணக்கில் நிற்கக் கூடாது.

உள்ளே பார்க்க வேண்டியவை ஐந்து. முதலில் பூச்சுள்ள பிளேட்டின் கனம். பல சிறு வண்டிகளில் புதிய பிளேட் ஏறக்குறைய 3 மி.மீ. இருக்கும், 2.6 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்றச் சொல்வார்கள். வெர்னியர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 'கண்ணாலே பார்த்தாலே தெரியும்' என்பது அளவு ஆகாது. இரண்டாவது, பூச்சின் நிறமும் முகமும். கண்ணாடிபோலப் பளபளத்தாலோ கருகி வாடை அடித்தாலோ கனம் இருந்தும் பயனில்லை.

மூன்றாவது இரும்புத் தகடு. சூட்டில் நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு கண்ணாடித் துண்டின்மேல் படுக்க வைத்து, ஓரத்தில் ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். வளைந்த தகட்டின் கீழே கேஜ் நுழையும். 0.2 மி.மீ. நுழைந்தாலே பல வண்டிகளுக்கு அது எல்லை. கண்ணுக்குத் தெரியாத இந்த வளைவுதான், கிளட்ச் விடாமல் போவதற்கு உள்ளே இருக்கும் முக்கியமான காரணம். பூச்சுள்ள பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டு வளைந்த தகட்டை அப்படியே போட்டால், காசு போகும், கோளாறு இருக்கும்.

நான்காவது ஸ்பிரிங்கின் உயரம். எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக நிறுத்துங்கள். ஒன்று குட்டையாக இருந்தாலும் முழு செட்டையும் மாற்ற வேண்டும். ஐந்தாவது வெளிக்கூட்டின் விரல்கள். பிளேட்டின் பற்கள் மோதி மோதி அந்த விரல்களின் ஓரத்தில் படிக்கட்டுபோலக் குழி விழுந்திருக்கும். நகத்தால் தடவினால் தெரியும். பற்கள் அந்தக் குழியில் மாட்டிக்கொண்டு நகர மறுக்கும். கிளட்ச் விடாது, புறப்படும்போது உதறும். லேசான குழி என்றால் நுண்ணிய அரம் போடலாம். ஆழமென்றால் கூட்டையே மாற்றுவதுதான் வழி.

புதிய பிளேட்டுகளை அப்படியே காய்ந்த நிலையில் மாட்டக் கூடாது. அதே என்ஜின் ஆயிலில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். மாட்டும்போது ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். அவை மெல்லிய போல்ட்டுகள், அமர்ந்திருப்பது அலுமினியத்தில். பலம் காட்டினால் மரை வெளியே வந்துவிடும். அந்தப் பாகத்தைத் தேடி அலைவது பிளேட் தேடுவதைவிடக் கஷ்டம்.

மெயின்லேண்டிலிருந்து பாகம் வரவழைக்கிறீர்களா? வண்டியின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். ஒரே பெயரில் ஆண்டுக்கு ஆண்டு பிளேட் மாறியிருக்கும். சேசிஸ் எண், வண்டி வந்த ஆண்டு, பழைய பிளேட்டை ஸ்கேலோடு சேர்த்து எடுத்த படம், பிளேட்டுகளின் எண்ணிக்கை, வெளிப்பற்களின் எண்ணிக்கை ஆகியவற்றை அனுப்புங்கள். தவறான பாகம் கப்பலேறி வந்தால், திருப்பி அனுப்புவதற்கும் ஒரு கப்பல் வேண்டும்.

கிளட்ச் போலத் தெரியும் மற்றவை

புறப்படும்போது வண்டி உதறுவதெல்லாம் கிளட்ச் அல்ல. செயின் தொங்கினாலும், பின்சக்கர ஹப்புக்குள் இருக்கும் ரப்பர்கள் தேய்ந்தாலும் அதே உதறல் வரும். இரண்டையும் பார்க்க இரண்டு நிமிடம் போதும். மேட்டில் இழுவை இல்லை, ஆனால் என்ஜின் சத்தமும் ஏறவில்லை என்றால் கிளட்ச் குற்றவாளி இல்லை. ஏர் ஃபில்டர், பிளக், ஒட்டிக்கொண்ட பிரேக் என்று வேறு பக்கம் தேடுங்கள். சத்தம் ஏறி வேகம் ஏறாமல் இருந்தால்தான் அது ஸ்லிப்.

ஸ்கூட்டரில் கிளட்ச் லீவர் இல்லாவிட்டாலும் கிளட்ச் உண்டு. என்ஜின் வேகம் ஏறியதும் ஷூக்கள் வெளிப்பக்கம் விரிந்து ஒரு கிண்ணத்தின் உட்சுவரைப் பிடிக்கும். இந்தக் கிளட்சுக்கு ஆயில் ஆகாது, தண்ணீரும் ஆகாது. தேங்கிய நீரில் இறங்கி வந்த பிறகு சத்தம் மட்டும் ஏறினால், பெல்ட் அறைக்குள் நீர் போயிருக்கலாம். கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டினால் காய்ந்துவிடும். காய்ந்த பிறகும் தொடர்ந்தால் பெல்ட்டையும் ஷூவையும் திறந்து பார்க்க வேண்டும்.

கைப்பழக்கம்

போர்ட் பிளேரில் மேட்டில் நின்று புறப்படாமல் ஒரு நாள் கழியாது. அப்போது பலர் ஆக்சிலேட்டரையும் பாதி கிளட்சையும் வைத்தே வண்டியை வழுக்காமல் நிறுத்தி வைப்பார்கள். வண்டி நகரவில்லை, உள்ளே பிளேட் தேய்ந்துகொண்டிருக்கிறது. ஃபெரியில் ஏற வரிசையில் ஊரும்போதும் இதே. பின் பிரேக்கை மிதித்து நில்லுங்கள். கிளட்ச் பிடிக்கத் தொடங்குவது தெரிந்ததும் பிரேக்கை விடுங்கள். ஓடும்போது இரண்டு விரலை லீவரின் மேல் சும்மா வைத்துக்கொள்ளும் பழக்கமும் ப்ளேயைத் தின்றுவிடும். விரல்களுக்கு இடம் ஹேண்டில் கிரிப்.

கடைசியாக, வொர்க்‌ஷாப்பில் பேசும் விதம். "அண்ணே, கிளட்ச் சரியில்ல" என்று வண்டியை விட்டுவிட்டுப் போனால், அவர் திறந்துதான் பார்ப்பார். அவர்மேல் தப்பில்லை, நாம் சொன்னது அவ்வளவுதான். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அண்ணே, நாலாம் கியர்ல முறுக்குனா ரேஸ் ஏறுது, வேகம் ஏறல. ப்ளே அளந்தேன், 15 இருக்கு. ஒயர் லேசா ஓடுது. ஆயில் எம்ஏதான், மாத்தி ரெண்டு மாசம் ஆகுது." அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு உங்களை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். பிறகு, "அப்ப பிளேட்தான் தம்பி, முதல்ல பேக்கிங் இருக்கான்னு பாத்துட்டுத் தொறக்கலாம்" என்பார். இந்த முறை அவர் சொல்வதை நீங்கள் தயங்காமல் நம்பலாம்.